கடைசிப் பக்கத்தில் கதவைத் திறந்தது யார்

என் தங்கை ஹிமாயா ஒரு நாவல் எழுதினாள். அதை வாசித்தவர்கள் கொஞ்சப் பேர். வாசிக்காமலே கருத்துச் சொன்னது கல்முனை முழுவதும். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சொல்வது என் காதுக்கும் வந்திருக்கிறது. சொல்லட்டும். அந்த நாவல் வந்த பிறகு நான் கோபப்பட்ட அளவுக்கு வாழ்க்கையில் வேறு எதற்கும் பட்டதில்லை.

நாவலின் பெயர் ‘மருதோண்டி காயுமுன்’. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான மர்மக் கதை. சஹ்லா என்று ஒரு பெண்பிள்ளை, வயது பதினைந்து. அவளுடைய ராத்தாவுக்கு, அதாவது அக்காவுக்கு, கலியாணம் பேசி வருகிறார்கள். எல்லாம் சரிவந்து, மருதோண்டி போடுகிற கட்டத்தில் யாரோ மாப்பிள்ளை வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, பெண்ணுக்கு வலிப்பு என்று சொல்லிவிடுகிறார்கள். கலியாணம் குழம்புகிறது. அடுத்து வந்த சம்பந்தமும் அப்படியே. யார் அந்த ஆள் என்று சஹ்லா தேடத் தொடங்குகிறாள். கலியாணத் தரகர், பக்கத்து வீட்டு மாமி, ராத்தாவைக் கேட்டுக் கிடைக்காமல் போன முறைப்பையன், மூத்த ராத்தாவைக் கட்டி அந்த வீட்டிலேயே இருக்கிற மச்சான் என்று பலர் மீதும் சந்தேகம். கடைசிப் பக்கத்தில் அவளுக்கு ஆளைத் தெரிந்துவிடுகிறது. நேரே போய் ஒரு கதவைத் தட்டுகிறாள். கதவு திறக்கிறது. “நீங்கதானே?” என்கிறாள். அத்தோடு நாவல் முடிகிறது. கதவைத் திறந்தது யார் என்று ஹிமாயா எழுதவில்லை.

நான் கணிதம் படிப்பிக்கிறவள். விடை எழுதாமல் விட்ட கணக்குக்கு நான் புள்ளி போடுவதில்லை. வாசித்து முடித்ததும் புத்தகத்தைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தேன்.

“ஆரெண்டு சொல்லாம முடிக்கிறதுக்கு என்னத்துக்குப் புள்ள இவ்வளவு பக்கம்?” என்று கேட்டேன்.

ஹிமாயா சிரித்தாள்.

வெளியீட்டு விழாவில் முதற்பிரதி வாங்கியது என்னைக் கட்டிய மாப்பிள்ளை நிப்றாஸ். எங்கள் பக்கத்தில் ஒரு நூலை வெளியிடுவதென்றால் முதற்பிரதி வாங்க ஒரு கடை முதலாளி வேண்டும். அவருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும். அவர் கமெராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். புத்தகத்தை அவர் திறந்து பார்க்க வேண்டும் என்று மட்டும் ஒரு கட்டாயமும் இல்லை. நிப்றாஸுக்குச் சீமெந்தும் கம்பியும் விற்கிற கடை. முதற்பிரதி வாங்குகிற படத்தைப் பெரிதாக்கிப் பிரேம் போட்டுக் கடையில் மாட்டினார். புத்தகம் வேனின் பின் சீட்டில் கிடந்து வெயிலில் வளைந்தது.

பிறகு கருத்துகள் வரத் தொடங்கின. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் றஸாக் ஸேர் பேஸ்புக்கில் நீட்டி எழுதினார்: முடிவைச் சொல்லாத மர்ம நாவல் வாசகனை ஏமாற்றும் வேலை, நூலாசிரியைக்கு இன்னும் பயிற்சி வேண்டும். அதற்குக் கீழே ஒருவர், பெண்பிள்ளைகளுக்குத் துப்பறிகிற புத்தி எதற்கு என்று கேட்டிருந்தார். இன்னொருவர், குற்றவாளியின் பெயரைச் சொல்லாமல் விட்டது அடுத்தவரின் குறையை மறைக்கும் நல்ல பண்பு, மாஷா அல்லாஹ் என்று பாராட்டியிருந்தார். அவர் புத்தகத்தைத் தொட்டும் பார்க்கவில்லை என்பது அடுத்த வரியிலேயே தெரிந்தது. சஹ்லாவை ஆண்பிள்ளை என்று நினைத்து எழுதியிருந்தார். நாவலில் பக்கத்து வீட்டு மாமி மதிலால் எட்டிப் பார்க்கிறாள் என்று எங்கள் பக்கத்து வீட்டுச் சரீபா மாமியிடம் யாரோ ஓதியிருக்கிறார்கள். மதிலுக்கு மேலால் கறிக்கோப்பை வருவது அன்றோடு நின்றது.

வாசித்துவிட்டுப் பேசியவர்கள் என் வகுப்புப் பிள்ளைகள் மட்டும்தான். அவர்களும் என்னை நிம்மதியாகப் படிப்பிக்க விடவில்லை. சிபானா என்ற பிள்ளை, கதவைத் திறந்தது மாமிதான் என்றாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் முறைப்பையன்தான் என்று அடித்துச் சொன்னாள். பின்வாங்கில் தரகர் கட்சி.

“ஆதாரம் எங்க? எந்தப் பக்கத்தில இரிக்கி?” என்று கேட்டேன்.

“ஆதாரம் என்னத்துக்கு டீச்சர்? எனக்குத் தெரியும்,” என்றாள் சிபானா.

இப்படிப் பதில் சொன்னால் கணக்குப் பாடத்தில் முட்டைதான் கிடைக்கும் என்று ஏசிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன்.

ஊர் ஆட்கள் மட்டும் ஒரே ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். மச்சான்தான் என்றார்கள். நாவலில் வருகிற மச்சானை அல்ல, எங்கள் வீட்டு மச்சானை. காரணம், ஹிமாயாவுக்கும் நிசத்தில் இரண்டு சம்பந்தம் வந்து குழம்பியிருந்தது. ஒன்று சம்மாந்துறை, மற்றது அக்கரைப்பற்று. இரண்டு வீட்டாரும் காரணம் சொல்லவில்லை. நஸீப் இல்லை, கொடுப்பினை இல்லை என்று மட்டும் சொல்லியனுப்பினார்கள். அது போதாதா? என் மாப்பிள்ளையின் தலையில் பழியைக் கட்டிவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். எனக்குக் கலியாணமானபோது வாப்பா இந்த வீட்டை என் பெயருக்கு எழுதித் தந்துவிட்டு, உம்மாவோடும் ஹிமாயாவோடும் பின்பக்கம் இரண்டு அறை கட்டி ஒதுங்கிக்கொண்டார். பக்கத்து வளவு ஹிமாயாவுக்கு. அவளுக்கு ஒரு மாப்பிள்ளை சரிவந்தால் அதில் வீடு எழும்ப வேண்டும். அதுவரைக்கும் சும்மாதானே கிடக்கிறது என்று நிப்றாஸ் அதில் தகரக் கொட்டகை போட்டுக் கம்பியும் சீமெந்தும் அடுக்கினார். அவர் கடையின் பாதிச் சரக்கு அங்கேதான்.

ஒருநாள் கடையிலிருந்து வந்தவர் செருப்பைக் கழற்றி மூலைக்கு ஒன்றாக எறிந்தார்.

“சாமான் எடுக்க வாறவனெல்லாம் கேக்கான், ‘என்ன முதலாளி, போன் கோல் எடுத்தது நீங்களாமே?’ எண்டு. சிரிச்சிச் சிரிச்சிக் கேக்கானுகள். நான் முதற்பிரதி வாங்கின பொத்தகத்தில என்னயே கள்ளனாக்கி வெச்சிருக்காள் ஒன்ட தங்கச்சி.”

“அதுல ஒங்கட பேரில்லயே,” என்றேன்.

“பேரு இல்லாததுதான் சோலி! சனிக்கிழம றஸாக் ஸேர் வாசகர் கூட்டம் வெச்சிருக்காரு. அதுல ஏறி, கதவத் துறந்தது தரகர்தான் எண்டு சொல்லச் சொல்லு. அடுத்த பதிப்பில அதயும் அச்சடிச்சிப் போடட்டும். ஊர்ட வாய் மூடும்.”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. என் மாப்பிள்ளையைக் கண்டவன் நின்றவனெல்லாம் கேலி செய்ய நான் பார்த்துக்கொண்டிருப்பதா? பின்னறைக்குப் போய் ஹிமாயாவைப் பிடித்து உலுக்காத குறை.

“ஒரு பேரு எழுதினா ஒன்ட கை தேஞ்சா போகும்? மச்சான் ஒனக்கு என்ன செஞ்சாரு? படிக்கக்குள்ள பஸ் காசு குடுத்த மனிசன், பொத்தகத்துக்கும் முன்னுக்கு நிண்டவரு.”

“கத முடிஞ்சிட்டு ராத்தா. முடிஞ்ச கதயில நான் கை வெக்க மாட்டன்,” என்றாள் அவள். “மச்சான் வாசிச்சாரா?”

“இல்ல.”

“அப்ப மொதல்ல வாசிக்கச் சொல்லுங்க. மறுகா கதைப்பம்.”

அகம்பாவம் பிடித்தவள் என்று ஏசிவிட்டு வந்தேன். ஆனாலும் கேட்டதில் பிழை இல்லை. வேனிலிருந்து அந்த வளைந்த புத்தகத்தை எடுத்து நிப்றாஸின் மடியில் போட்டேன். வாசித்துவிட்டுச் சண்டை பிடிக்கச் சொன்னேன். வியாழக்கிழமை கடையை மனேஜரிடம் விட்டுவிட்டு, மனிசன் சாய்மனைக் கதிரையில் கிடந்து முழுவதும் வாசித்தார். வாசிக்க வாசிக்க முகம் தெளிந்துகொண்டே வந்தது. எனக்கும் நிம்மதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட உட்காருவது எங்கள் வீட்டு வழக்கம். வாப்பா, உம்மா, ஹிமாயா, நான், நிப்றாஸ். பிள்ளைகள் இருவரும் முன்னரே சாப்பிட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடிவிட்டார்கள். நிப்றாஸ் நல்ல குஷியில் இருந்தார். மீன் தலையை உடைத்தபடியே விமர்சனத்தைத் தொடங்கினார்.

“வாசிச்சிட்டன் புள்ள. இதுக்கா ஊரு இந்தக் கூத்தாடுது? ஒனக்கு எழுத வருது. ஆனா ஒலகம் வெளங்கல்ல. அந்தக் கோல் எடுக்கிற ஆள நீ படு மடயனாக் காட்டியிருக்காய்.”

“எப்பிடி மச்சான்?” என்று ஹிமாயா கேட்டாள்.

“வலிப்பெண்டு சொன்னா ஆரு நம்புவான்? டாக்டர்ட துண்டு கேப்பாங்க. ஆஸ்பத்திரில விசாரிப்பாங்க. ரெண்டு நாள்ல பொய் வெளிச்சிரும். கம்பஸ்ல ஒரு பொடியனோட பழக்கம் எண்டு ஒரு வார்த்த சொன்னாப் போதும். துண்டும் கேக்க மாட்டாங்க, விசாரிக்கவும் மாட்டாங்க. அந்த அக்கரைப்பத்துப் பொம்புள ஒரு கேள்வி கேட்டாவா? ‘அல்லாஹ் காப்பாத்தினான்’ எண்டு சொல்லிப் போன வெச்சிட்டா.”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. கை சோற்றுக்குள் அப்படியே நின்றது.

“எந்த அக்கரைப்பத்துப் பொம்புள?” என்று கேட்டேன்.

என் தங்கை பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்தவள். இரண்டு வீட்டார் முகம் கொடுக்காமல் திரும்பிப் போனதற்குக் காரணம் தெரியாமல் இத்தனை நாள் தன்னைத்தானே தின்றுகொண்டிருந்தவள். தான் கறுப்பு என்பதாலா, கண்ணாடி போட்டிருப்பதாலா என்று என்னிடமே கேட்டிருக்கிறாள். அதே வீட்டில் இருந்து, அவளுடைய உம்மா ஆக்கின சோற்றைத் தின்றுகொண்டு, இந்த மனிசன் அவளுடைய மானத்தில் கை வைத்திருக்கிறார். கதைக்கு நல்ல யோசனை சொல்லுகிறேன் என்று அதையும் வாயால் கக்குகிறார்.

அதைவிட என் நெஞ்சை எரித்தது உம்மா செய்த வேலை. உம்மா கறிச்சட்டியை இழுத்து, “இன்னொரு துண்டு போடட்டா மருமகன்?” என்று கேட்டா. வாப்பா கையைக் கழுவிக்கொண்டு எழும்பிப் போனார்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். நிப்றாஸ் மறுக்கவில்லை. மறுக்க வழியும் இல்லை.

“ரெண்டு வருஷம் தள்ளிப் போகட்டுமெண்டுதான் புள்ள. இப்ப ஊடு கட்ட வெளிக்கிட்டா அந்தக் கம்பியயெல்லாம் நான் எங்க கொண்டு போறது? கடைக்குப் பின்னால ஒரு இடம் பாத்திட்டுத்தான் இரிக்கன். அவளுக்கு என்ன வயசா போயிட்டு?”

“கம்பிக்காகவா?” என்று கத்தினேன். “கம்பி துருப்புடிக்கிமெண்டு என்ட தங்கச்சிட பேர நாறடிச்சீங்களா?”

“மெதுவாக் கதை. ஆக்கள் கேப்பாங்க,” என்றார் அவர்.

ஆக்கள் கேட்பார்களாம்! மேசையில் இருந்த பவுடர் டின் தொடங்கிக் கைக்கு அகப்பட்டதெல்லாம் பறந்தது. மனிசன் வேனை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

அஸர் தொழுதுவிட்டு ஹிமாயாவைத் தேடிப் பின்னுக்குப் போனால், உம்மா அவளுடைய கையைப் பிடித்துக் கெஞ்சிக்கொண்டிருந்தா.

“நாளைக்குத் தரகரெண்டே சொல்லிரு மகள். ராத்தாக்கு ரெண்டு புள்ள இரிக்கி. இந்த மனிசன் கோவிச்சிக்கிட்டு அவர்ர உம்மா ஊட்ட போயிட்டா ஊரு என்ன கதைக்கும்? ஒனக்கு அல்லாஹ் வேறொரு வழியக் காட்டுவான்.”

வாப்பா யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். ஹிமாயா அழவில்லை. வாசலில் நின்ற என்னை ஒருமுறை பார்த்தாள்.

“சரி உம்மா, சொல்றன்,” என்றாள்.

என்னுடைய குடும்பத்தைக் காப்பாற்ற அவள் தன் கதையை விற்கப் போகிறாள். அதைக் கேட்டுக்கொண்டு நான் மரம்போல நின்றேன். எனக்காக யாரும் பொய் சொல்லத் தேவையில்லை என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் திரும்பி வந்துவிட்டேன்.

சனிக்கிழமை பின்னேரம் சந்தைக்குப் பின்னால் உள்ள மண்டபத்தில் கூட்டம். முன்பக்கம் ஆண்கள், பின்பக்கம் பெண்கள். என் வகுப்புப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். நிப்றாஸ் வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு முன்வரிசையில் நடுக்கதிரையில் இருந்தார். வராவிட்டால் ஊர் கதைக்கும் அல்லவா?

றஸாக் ஸேர் தலைமையுரையில் பேஸ்புக்கில் எழுதியதை வரி பிசகாமல் ஒப்புவித்தார். பிறகு பேசியவர் நாவலில் உவமைகள் குறைவு என்று குறைப்பட்டார். அடுத்தவர் அட்டைப்படம் நன்றாக இருக்கிறது என்றார். ஒரு இளைஞன் எழும்பி, முடிவு தெரியாததால் தனக்கு நித்திரை வரவில்லை என்று சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நிப்றாஸும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றியது.

“இப்ப நூலாசிரியையே வந்து அந்த மர்மத்த அவிழ்ப்பாங்க,” என்று சொல்லி றஸாக் ஸேர் மைக்கைக் கொடுத்தார்.

ஹிமாயா மேடையில் ஏறினாள். ஸலாம் சொன்னாள். புத்தகத்தைத் திறந்து கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள்.

“கதவத் துறந்தது…” என்று தொடங்கினாள். குரல் உடைந்தது. “கதவத் துறந்தது அந்தத் தர…”

“இல்ல!” என்று நான் எழும்பினேன். மைக் இல்லாமலே என் குரல் முன்வரிசைக்குப் போனது. வகுப்பில் கத்திப் பழகின தொண்டை. “தரகர் இல்ல. என்ட தங்கச்சிட கலியாணத்தக் குழப்பினது முன்னுக்கு இரிக்கிற என்ட மாப்பிள்ள. முதற்பிரதி வாங்கின ஆளு. சீமெந்து மூட்ட அடுக்கிறதுக்கு எடம் வேணுமெண்டு, கம்பஸ்ல பொடியனோட பழக்கமெண்டு கோல் எடுத்துச் சொல்லியிருக்காரு. எனக்கிட்ட அவர்ர வாயாலயே சொன்னாரு.”

கதிரைகள் கிரீச்சிட்டன. முன்வரிசை முழுவதும் நிப்றாஸின் பக்கம் திரும்பியது. அவர் எழும்பினார், இருந்தார், மறுபடி எழும்பி யாரையும் பார்க்காமல் வெளியே போனார். வேன் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. அது எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. போகட்டும் என்று நினைத்தேன். திங்கட்கிழமைக்குள் அந்தக் கொட்டகையைப் பிரிக்காவிட்டால் நானே ஆள் பிடித்துப் பிரிப்பேன் என்றும் நினைத்தேன். பிறகு ஹிமாயாவைப் பார்த்தேன். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் போல.

அவள் முகம் சிவந்திருந்தது. அந்தக் கோபம் ஓடிப்போன மச்சான் மீது அல்ல, என் மீது.

“உக்காருங்க ராத்தா,” என்றாள் மைக்கில்.

பிறந்த நாளிலிருந்து நான்தான் அவளை அதட்டியிருக்கிறேன். அவள் என்னை அதட்டியது அதுதான் முதல்தடவை. உட்கார்ந்தேன்.

“ராத்தா சொன்னது உண்ம. ஆனா அது எங்கட ஊட்டுக் கத, என்ட நாவல் இல்ல.” இப்போது அவள் குரல் உடையவில்லை. “தரகரெண்டு சொல்லச் சொன்னாங்க. இப்ப ராத்தா மச்சானெண்டு சொல்லிட்டாங்க. ரெண்டும் ஒரே வேலதான். ஒராளப் புடிச்சிக் குடுத்திட்டா மத்த ஆக்களெல்லாம் நிம்மதியா ஊட்ட போய்த் தேத்தண்ணி குடிக்கலாம். நாளைக்கு ஊரு எங்கட மச்சானக் கதைக்கும். பொத்தகத்த மூடி வெச்சிரும். அதுக்கா நான் எழுதின? கோல் எடுக்கிற ஆளு எங்கட ஊட்ட மட்டுமா இரிக்கான்?”

றஸாக் ஸேர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “நேரம் போகுது மகள், ஸலவாத்தோட முடிப்பம்,” என்றார்.

அப்போது பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழும்பினார். கறுப்பு அபாயா, நாற்பது வயதிருக்கும். நான் முன்பின் கண்டதில்லை. புத்தகத்தை நெஞ்சோடு அணைத்திருந்தார்.

“என்ட கலியாணத்தக் குழப்பினது எங்கட சாச்சா, வாப்பாட தம்பி,” என்றார். “நான் இன்னும் தனியத்தான் இரிக்கன். இதுல கதவத் துறந்தது அவர்தான். நான் அப்பிடித்தான் வாசிச்ச.”

எனக்கு முன்னால் இருந்த பெண் எழும்பாமலே, குனிந்த தலையோடு, “எனக்கு எங்கட பெரியம்மா,” என்றாள். அந்தப் பக்கம் இன்னொருத்தி எழும்பினாள். இங்கே என் வகுப்புப் பிள்ளை சிபானா எழும்பி, “எங்கட ராத்தாக்கு மாமி, டீச்சர்,” என்று அழுதுகொண்டே என்னைப் பார்த்துச் சொன்னாள். இந்தப் பிள்ளையிடம்தான் ஆதாரம் எங்கே என்று கேட்டேன். சாச்சா, மாமி, பெரியம்மா, வாப்பாவின் கூட்டாளி என்று பெண்கள் பக்கத்தில் ஒவ்வொரு கதிரையாகச் சத்தம் கேட்டது. முன்பக்கம் ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதைத் தவிர்த்தார்கள். சிலர் மெல்ல எழும்பி வாசலில் செருப்பைத் தேடினார்கள்.

றஸாக் ஸேர் மேடையில் ஏறி மைக்குக்காகக் கையை நீட்டினார். ஹிமாயா கொடுக்கவில்லை.